தமியார்க்குத் துணையாய தமியான் அடிகள்

திருவள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் உரைகாரர் அவற்றிடையே ஒரு வேற்றுமை காட்டுவர். மனைவி, மக்கள், சுற்றம், நட்பு என்னும் தொடர்பு பற்றிச் செல்வது அன்பு. யாதொரு தொடர்பும் நோக்காது எவ்வுயிர் மேலும் செல்வது அருள். இவ்வதிகாரங்களை ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்குங்கால், தொடர்பில்லாதார் மேல் அருள் எங்ஙனம் பிறக்கும் என மாணவர் வினவுவதுண்டு. நூல் கொண்டு விடை கூறுதல் எளிது. ஆயின் அவ்விடை பரீட்சை முடியும் வரையே நிற்கும். ஆதலின் யான் ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்வதை வழக்கமாகக் கொண்டுள்ளேன். அவர் தமிழ் நாட்டையோ ஈழத்தையோ கண்டவர் அல்லர். யான் சார்ந்த சமயத்தவரும் அல்லர். எனினும் அருளுடைமை என்னும் அதிகாரத்திற்கு அவர் வாழ்க்கையினும் தெளிவான உரையை யான் கண்டதில்லை.

அவரே மொலொக்காய்த் தீவிலே தொழுநோயாளரிடையே பதினாறு ஆண்டு வாழ்ந்து மறைந்த தமியான் அடிகளார். கோஸ்மா, தமியான் என்னும் இரு மருத்துவர் பண்டைக் காலத்தில் கிறித்துவின் பொருட்டு உயிர் துறந்தனர் என்பது கிறித்தவ மரபு. அவ்விருவருள் ஒருவர் பெயரையே அடிகளார் துறவுப் பெயராக ஏற்றார். தமிழில் தமியன் என்னும் சொல் துணையின்றித் தனித்திருப்பவனைக் குறிக்கும். இரு சொற்கும் பிறப்பால் உறவு யாதுமில்லை. ஆயினும் தமியராய்க் கிடந்தாரைத் தேடிச் சென்று தாமும் தமியராய் நின்றவர்க்குத் தமிழ்க் கத்தோலிக்கர் நாவில் வழங்கும் பெயர் இங்ஙனம் அமைந்தமை நினைந்து மகிழ்தற்குரியது.

அடிகளாரின் இயற்பெயர் யோசேப்பு டி வூஸ்டர் என்பதாம். பெல்ஜியம் நாட்டிலே திரெமெலோ என்னும் சிற்றூரில் 1840ஆம் ஆண்டு ஜனவரி 3ஆந் திகதி, தானிய வாணிகம் செய்து வந்த ஒரு குடும்பத்தின் ஏழாவது பிள்ளையாக அவர் பிறந்தார். தம் வாணிகத்தை இம்மைந்தன் ஏற்று நடத்துவான் எனத் தந்தையார் எண்ணினார். பிரெஞ்சு மொழி கற்றுவரவும் அனுப்பினார். உடல் வலிமை மிக்கவராய், கைத்தொழிலில் நாட்டமுடையவராய் வளர்ந்த அவ்விளைஞரின் உள்ளமோ துறவை நாடியது. அண்ணனார் முன்னரே இயேசு மரியாள் திருவிருதய சபையிற் சேர்ந்திருந்தார். அவ்வழியே இளையவரும் 1859ஆம் ஆண்டு லூவேன் நகரிலுள்ள அச்சபையின் மடத்தை அடைந்தார். இலத்தீன் அறியாதவர் ஆகையால் முதலில் அவரைக் குருத்துவக் கல்விக்கு உரியராகக் கருதவில்லை. அண்ணனிடத்து இலத்தீனைச் சிறிது சிறிதாகக் கற்று அத்தடையைத் தாண்டினார்.

பசிபிக் பெருங்கடலின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளுக்குச் சமயப் பணி செய்யச் செல்லுமாறு அண்ணனார் நியமிக்கப்பட்டிருந்தார். பயணம் நெருங்கிய வேளையில் அவர் காய்ச்சலில் வீழ்ந்தார். அப்பொழுது இளையவர், தம் தலைவரைக் கேளாமலே, பாரிஸ் நகரிலிருந்த சபைத் தலைவர்க்கு நேரே கடிதம் எழுதி, அண்ணன் இடத்திலே தம்மை அனுப்புமாறு வேண்டினார். முறை தப்பிய செயலெனினும் வேண்டுகோள் ஏற்கப்பட்டது. 1863ஆம் ஆண்டு இறுதியில் கப்பலேறியவர் 1864ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆந் திகதி ஹொனலூலுத் துறையை அடைந்தார். அவ்வாண்டு மே மாதம் 21ஆந் திகதி அங்குள்ள பேராலயத்தில் குருப்பட்டம் பெற்றார். தாயகத்தை அவர் மீட்டும் காணவில்லை.

அக்காலத்து ஹவாய் தனி அரசாக விளங்கிற்று. 1778ஆம் ஆண்டில் கப்பித்தான் குக் அங்குச் சென்றதன் பின்னர், பிற நாட்டாருடன் பிறநாட்டு நோய்களும் புகுந்தன. பன்னூறாண்டு தனித்து வாழ்ந்த அம்மக்களின் உடல் அவற்றைத் தாங்கும் ஆற்றல் பெற்றிருக்கவில்லை. குடித்தொகை விரைந்து குறைந்தது. அந்நோய்களுள் ஒன்று தொழுநோய். அதன் காரணத்தையோ மருந்தையோ அறியாத அரசு, 1865ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, நோயுற்றாரைப் பிரித்து வைக்கத் துணிந்தது. மொலொக்காய்த் தீவின் வட கரையிலே ஒரு நிலமுனை கடலினுள் நீண்டுள்ளது. மூன்று பக்கமும் அலை மோதும் கடல். நான்காம் பக்கம் ஏறத்தாழ 2,000 அடி உயரமுள்ள செங்குத்தான மலை. இயற்கையே கட்டிய அச்சிறையினுள், 1866ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதற் கூட்டமாகப் பன்னிருவர் கொண்டுபோய் விடப்பட்டனர். அவர்தம் குடியிருப்புக் கலாவாவோ என்னும் பெயரினது.

கணவனை மனைவியினின்றும் குழந்தையைத் தாயினின்றும் அச்சட்டம் பிரித்தது. ஹவாய் மக்கள் அந்நோய்க்கு இட்ட பெயரே பிரிக்கும் நோய் என்னும் பொருள்பட்டது. உடல் அழிவதினும் உறவறுவதே பெருந்துன்பம் என அவர்கள் கண்டனர். நோயற்ற சிலர் தம் கணவரையோ மனைவியரையோ பிள்ளைகளையோ விடமாட்டாது தாமும் உடன் சென்று அம்முனையில் வாழ்ந்தனர். துணையாவார் எனப் பொருள்படும் கோக்குவா என்னும் பெயரால் அவரை அழைத்தனர். அடிகளார் வருமுன்னரே அன்பு அங்கு இருந்தது என்பதை ஈண்டு மறத்தலாகாது. நோயாளர் சிலர் கூடி 1866ஆம் ஆண்டிலேயே தமக்கென ஒரு புரொட்டஸ்தாந்து சபையையும் அமைத்திருந்தனர். ஆயினும் துணை வந்தார் சிலர், துணையற்றாரே பலர். சட்டம் இவ்விடத்தில் இல்லை என்பது அங்கு வழங்கிய பேச்சு. வலியார் மெலியாரின் உணவைப் பறித்தனர். கூரையின்றிக் கிடந்து இறந்தாரும் உளர். இறந்தார்க்குப் பெட்டியில்லை, ஆழக் குழி தோண்டுவாரும் இல்லை.

இந்நிலையில் 1873ஆம் ஆண்டு மே மாதம், மாவுய்த் தீவிலே ஒரு புதிய கோவிலின் திறப்பு விழாவிற் குருமார் கூடினர். கலாவாவோவிலுள்ள கத்தோலிக்க நோயாளர் குரு ஒருவரை வேண்டி நிற்பதனை ஆயர் எடுத்துரைத்து, அங்கு செல்லுமாறு எவரையும் ஏவத் தமக்கு மனமில்லை என்றும் கூறினார். நால்வர் தாமே முன்வந்தனர். முறை வைத்து ஒருவர் பின் ஒருவராகச் சென்று வருவது என முடிவாயிற்று. முதல் முறை தமியான் அடிகளாருடையது. மே 10ஆந் திகதி ஆயரே அவரை அழைத்துச் சென்று கரையில் இறக்கினார். அன்று அடிகளார்க்கு வயது முப்பத்து மூன்று. தங்க வீடில்லை. சிறிய கோவிலின் அயலே நின்ற தாழை இனத்து மரம் ஒன்றன் கீழே படுத்துறங்கினார். முறை வைத்துச் செல்லும் ஏற்பாடு அத்துடன் நின்றது; நோயாளர் அவரை வேண்டினர், அவரும் அங்கேயே தங்க விடை வேண்டிப் பெற்றார்.

தொடக்கத்தில் அவர் பட்ட பாட்டை மறைத்தல் வேண்டா. புண்களின் நாற்றம் அவரை வருத்தியது. வழிபாட்டு வேளையில் கோவிலை விட்டு வெளியே ஓட வேண்டும் போல இருந்தது. அந்நாற்றத்தை மாற்றப் புகையிலைக் குழாய் பிடிக்கப் பழகினார். நோயாளரைத் தொடலாகாது எனப் பெரியோர் எச்சரித்துமிருந்தனர். அவரோ தொடாமல் அங்கு வாழ்வது வாழாமைக்கு ஒப்பாகும் என விரைவிலே கண்டார். சேம்பங்கிழங்கை அவித்து மசித்த களியை ஒரே கலத்தில் நடுவே வைத்துப் பலரும் விரலால் எடுத்து உண்பது அந்நாட்டு வழக்கம். அக்கலத்திற் கையிடாதவன் அவர்களுக்கு விருந்தினனும் அல்லன், நண்பனும் அல்லன். அடிகளார் கையிட்டார், புண்ணைக் கழுவிக் கட்டினார், தம் புகைக்குழாயையும் பிறர்க்குக் கொடுத்தார். வகுப்பிலே இதனைக் கூறுங்கால் மாணவர் சிலர் முகஞ் சுளிப்பதுண்டு. அறிவுடையோர் செய்வதா இது என்பாருமுண்டு. மருத்துவ முறை நோக்கின் அவர் ஐயம் தக்கதே. ஆயின் ஆண்டுக்கணக்காக எவரும் தீண்டாத ஒருவனுடைய கையைப் பற்றுவது அவனுக்கு யாது பொருள் தரும் என்பதையும் அவர்கள் எண்ணுதல் வேண்டும் என்பேன்.

கைத்தொழிலில் அவருக்கிருந்த நாட்டம் இப்பொழுது பயன்பட்டது. மலைப் பள்ளத்தாக்கிலிருந்து குழாய் வழியே குடியிருப்புக்கு நல்ல நீர் வரச் செய்தார். பெரும் புயலொன்று குடிசைகளை வீழ்த்தியபோது, அரசிடம் மரம் வேண்டிப் பெற்று, தாமே வாளும் சுத்தியலும் ஏந்தி, வலுவுள்ள நோயாளரைத் துணைக்கொண்டு, வெள்ளையடித்த சிறு வீடுகளைக் கட்டினார். சவப்பெட்டி செய்தார், குழி தோண்டினார், இடுகாட்டிற்கு வேலியும் இட்டார். இறந்தாரை முறையாக எடுத்துச் செல்ல ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார். பறையும் குழலும் முழங்க, கொடி பிடித்து, பாடிக்கொண்டு செல்லும் இறுதி ஊர்வலங்கள் அங்கே நடக்கலாயின. யாருமற்றுச் சாவோம் என்று ஏங்கியவர்க்குத் தம் சாவுக்கும் ஊர் கூடும் என்னும் நம்பிக்கை பிறந்தது. பெற்றோரை இழந்த சிறார்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனி இல்லங்கள் அமைத்தார். பாடுவாரைக் கூட்டி இசைக்குழு நிறுவினார். 1881ஆம் ஆண்டு இளவரசி லிலியுவோகலானி அங்கு வந்தபோது, கண்ட காட்சியால் நாத் தழுதழுத்து அவரால் உரையாற்ற இயலவில்லை என்பர். ஹொனலூலு மீண்டபின் அடிகளார்க்கு அரச விருதொன்றனை அவர் அனுப்பினார். அடிகளார் அதனை அணிந்து திரிந்தவர் அல்லர்.

பிறர் தனிமையைத் தீர்த்தவர் தம் தனிமையைத் தீர்க்கும் வகையறியாது வருந்தினார். கத்தோலிக்கக் குருவும் மற்றொரு குருவினிடத்தே தம் பாவங்களை அறிக்கையிடுதல் மரபு. அடிகளார் வந்த ஆண்டிலேயே, குடியிருப்பை விட்டு வெளிச்செல்லுதல் ஆகாது எனச் சுகாதார சபை அவரைத் தடுத்தது. ஒருநாள் சபைத் தலைவர் ஏறிவந்த கப்பல் கரைக்கு அப்பால் நின்றது. தலைவர் இறங்கவும் அடிகளார் ஏறவும் கப்பித்தான் இசையவில்லை. அடிகளார் சிறு தோணியிலே நின்றவாறே மேல்தட்டிலிருந்த தலைவரை நோக்கிப் பிரெஞ்சு மொழியில் உரத்த குரலில் தம் குற்றங்களைக் கூறி மன்னிப்புப் பெற்றார். கப்பலிலுள்ளார் அனைவரும் பார்த்து நின்றனர். தனியறையிற் செவியோடு செவியாகச் சொல்லுதற்குரியதைக் கடலலைக்கு மேலாகக் கூவிச் சொல்ல நேர்ந்த அவ்வுள்ளத்தை நினையுந்தோறும் என் நெஞ்சு கனக்கின்றது.

அவர் குறையற்றவர் எனக் கூறுதல் உண்மையாகாது. பிடிவாதம் உடையவர், விரைவிற் சினப்பவர். சுகாதார சபையுடன் ஓயாது வழக்காடினார்; சொந்தச் சபைப் பெரியோரோடும் பிணங்கினார். துணைக்கு வந்த குருமார் சிலரோடும் ஒத்துப்போக அவரால் இயலவில்லை. அவர் புகழ் பரவி இலண்டனில் ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவர் நிதி திரட்டி அனுப்பியபோது, தம்மை இழிவு செய்வதாக அரசினரும் சபையினரும் மனக்கசப்புற்றனர். ஆயினும் வழக்காடியன யாவும் பலகைக்காகவும் பாலுக்காகவும் மருந்துக்காகவுமே என்பதை நோக்குங்கால், அச்சினமும் அருளின் ஒரு கூறே என யான் கருதுகின்றேன்.

1884ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒரு நாள் மாலை, களைத்த பாதங்களை வெந்நீரில் இட்டார். நீர் கொதித்து ஆவி பறந்து கொண்டிருந்தது, தோல் வெந்து கொப்புளித்தது, அவருக்கோ சுடவில்லை. உணர்வற்றுப் போதல் தொழுநோயின் குறி என்பதை அவர் நன்கறிவார். அடுத்த ஆண்டு மருத்துவர் அதனை உறுதி செய்தனர். மறையுரையிலே தம்மையும் நோயாளரையும் சேர்த்து, நாம் என்னும் உளப்பாட்டுப் பன்மையால் அவர் பேசி வந்தமையை வரலாறெழுதினோர் பலரும் குறித்துள்ளனர். இலக்கணம் கற்பிப்போனாகிய எனக்கு அது பெருவியப்புத் தருகின்றது. தன்மைப் பன்மையில் முன்னிலையாரையும் அடக்குவதே உளப்பாடு என ஆயிரம் முறை விளக்கியுள்ளேன். அவ்வொரு சொல்லின் பொருளைத் தம் உடலாலே நிரப்பியவர் அவர்.

1886ஆம் ஆண்டு ஹொனலூலு சென்று, யப்பானிய மருத்துவர் ஒருவர் முறையிலே சின்னாள் சிகிச்சை பெற்று மீண்டார். அவ்வாண்டு யூலை மாதம், அமெரிக்க உள்நாட்டுப் போரிற் பணிபுரிந்த யோசேப்பு டட்டன் என்பவர் யாரும் அழையாமலே வந்து சேர்ந்தார்; 1931ஆம் ஆண்டு இறக்கும் வரை நாற்பத்து நான்கு ஆண்டுக்கு மேல் நோயாளர் பணியையே வாழ்வாகக் கொண்டார். 1888ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அன்னை மரியான் கோப்பும் உடன்வந்த பிரான்சிஸ்க சபைக் கன்னியரும் அம்முனையை அடைந்து பெண்களையும் சிறுமியரையும் பேணும் பொறுப்பேற்றனர். தம் பிள்ளைகளை ஒப்படைக்கத் தக்கார் வந்தனர் எனக் கண்டபின் அடிகளார் மனம் அமைதியுற்றது. 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் திகதி, கிறித்தவர் பெரிய வாரமெனப் போற்றும் நாள்களின் திங்கட்கிழமையன்று, நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் உயிர் நீத்தார். முதல் நாளிரவு உறங்கிய அத்தாழை மரத்தின் கீழேயே அவரை அடக்கஞ் செய்தனர்.

இறந்தபின்னும் அவதூறு அவரைத் தொடர்ந்தது. ஹொனலூலுவில் இருந்த புரொட்டஸ்தாந்து போதகர் ஒருவர், அடிகளாரை அழுக்கர் என்றும் ஒழுக்கங் குறைந்தவர் என்றும் நண்பர்க்கு எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளிவந்தது. அதனை மறுத்தெழுந்தவர் கத்தோலிக்கர் அல்லர். புரொட்டஸ்தாந்துக் குடும்பத்திற் பிறந்த ஸ்கொத்லாந்து எழுத்தாளர் ரொபேட் லூயி ஸ்டீவன்சன் ஆவர். அடிகளார் மறைந்த மறுமாதமே கலாவாவோ சென்று, ஆங்குள்ளாரை நேரிற் கேட்டறிந்தவர் அவர். அடிகளாரின் குறைகளையும் மறையாது கூறி, அவர் செய்த பணியைப் பிறர் செய்யாமல் மாளிகையில் இருந்தமையைச் சுட்டி, 1890ஆம் ஆண்டு சிட்னி நகரிலிருந்து அவர் எழுதிய வெளிப்படைக் கடிதம் உலகெங்கும் படிக்கப்பட்டது.

1936ஆம் ஆண்டு பெல்ஜிய அரசின் வேண்டுகோட்படி அவர் உடல் தாயகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு லூவேன் நகரில் வைக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டு முத்திப்பேறு பெற்றவராக அவர் அறிவிக்கப்பட்டபோது, அவருடைய வலக்கை மட்டும் மீண்டும் கலாவாவோவுக்கு அனுப்பப்பெற்று, பழைய கல்லறையில் இடப்பட்டது. நோயாளரைத் தொட்ட கை அவர்களிடமே திரும்பிற்று. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆந் திகதி பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அடிகளார் கலாவாவோவில் இறங்கிய அதே 1873ஆம் ஆண்டில், நோர்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார் என்பது நினையத்தக்கது. ஆயினும் உறுதியான மருந்து 1940களிலேயே கிட்டியது. 1980களிலிருந்து வழங்கிவரும் கூட்டு மருந்து முறையால் இந்நோய் முற்றாகக் குணமாகின்றது. மருந்து தொடங்கிய சின்னாளிலேயே பிறர்க்குத் தொற்றுதலும் நின்றுவிடுகின்றது. ஹவாயில் 1969ஆம் ஆண்டு பிரித்து வைக்கும் சட்டம் நீங்கிற்று. அதற்குள் ஏறக்குறைய 8,000 பேர் அம்முனைக்கு அனுப்பப்பட்டிருந்தனர். அடிகளார் ஒருவரையேனும் நோயினின்று குணப்படுத்தினார் அல்லர். மருந்து இல்லாத காலத்தில் மனிதன் மனிதனுக்குச் செய்யக்கூடியது யாது என்பதற்கே அவர் வாழ்க்கை விடையாயிற்று.

நம் நாட்டிலும் ஒல்லாந்தர் காலத்து எழுந்த ஹெந்தளை மருத்துவமனையும், மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் அமைந்த மருத்துவமனையும் இந்நோயாளரைப் பிரித்து வைத்த வரலாற்றை நினைவூட்டுவன. நோய்க்கு மருந்து வந்தும், நீரால் சூழப்பட்ட அத்தனிமைக்கு மருந்து எளிதில் வரவில்லை. இன்று நோயின்றியே மாந்தீவில் வாழ்வோர் நம் ஊர்களில் உளர். பிள்ளைகள் கடல் கடந்து குடியேற, பெரிய வீட்டில் ஒரு விளக்கேற்றி இருக்கும் முதியோர். போரிலே துணையை இழந்து, நல்ல காரியங்களுக்கு அழைக்கப்படாத பெண்கள். மருத்துவமனைக் கோடிக் கட்டிலில், பார்வையாளர் நேரத்திலும் சுவரை நோக்கிப் படுத்திருக்கும் நோயாளர் ஆகிய இவர்க்குப் பணமும் உணவும் கிடைத்தல் கூடும். உடனிருந்து ஒரு கவளம் உண்பாரே இலர்.

அடிகளார் போலப் பதினாறாண்டு துறந்து செல்லுதல் எல்லார்க்கும் இயல்வதன்று. அதனை யான் என் மாணவரிடம் வேண்டுவதுமில்லை. அவர் முதலிற் செய்தது சேம்பங்களிக் கலத்திற் கையிட்டதே. அது எவர்க்கும் இயலும். இவ்வாரம் வீடு திரும்பும் வழியில், நெடுநாள் திறவாத படலை ஒன்றனைத் திறந்து உட்சென்று, அவ்வீட்டாருடன் இருந்து ஒரு மிடறு தேநீராவது அருந்தி வாருங்கள் என்பதே அவர்க்கு யான் சொல்லி வருவது. வாசகர்க்கும் அதனையே பணிவுடன் கூறி அமைகின்றேன்.